மணியும் தட்டையும் ஒரே நாளில் தயாராகணும்: மூணு மா நிலத்தில் சைலேஜ் மக்காச்சோளம்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு காலையில் அம்மா கொல்லைச் சுவரில் வரட்டி தட்டிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்த உடனே கோழிகள் வந்து ஈர வரட்டியைக் கொத்த ஆரம்பித்தன. விரட்டினாலும் திரும்பி வந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வரட்டியிலும் ஏழெட்டு மக்காச்சோள மணி, முழுசாக, மஞ்சளாகப் பளபளத்தது.

"ஏம்ப்பா, நீ சோளம் போட்டது மாட்டுக்கா, கோழிக்கா?" என்றார் அம்மா.

அந்தச் சோளத்துக்கு நான் நாலு மூட்டை யூரியா போட்டிருந்தேன். கோடையில் வாரம் தவறாமல் போர் தண்ணீர் பாய்ச்சினேன். வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் மூட்டை கட்டி, அது புளித்துச் சைலேஜாக ஒன்றரை மாதம் காத்திருந்து மாட்டுக்குப் போட்டேன். மாவுச்சத்து முழுக்க மாட்டின் வயிற்றைக் கடந்து சுவருக்குப் போயிருக்கிறது. அன்றைக்கே அடுத்த தையில் விதையை யோசித்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிச் செய்ததன் பதிவுதான் இது.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் இடையில். கல்லணைக் கால்வாயை இங்கே புது ஆறு என்றுதான் சொல்வோம், அதன் பாசனம். பழைய டெல்டா அளவுக்கு இறுகிய களி இல்லை, கொஞ்சம் மணல் கலந்த மண். வீட்டில் கறவை நாலு, பால் வற்றிய மாடு ஒன்று, கிடேரி இரண்டு. எல்லாம் ஜெர்சி கலப்பு.

டெல்டாவில் பசுந்தீவனத்துக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேட்டூர் திறந்து குறுவை நட்டுவிட்டால் தை வரைக்கும் வயல் முழுக்க நெல். மாட்டை அவிழ்த்துவிட இடம் கிடையாது. வரப்புப் புல்லை அறுத்து ஏழு மாட்டை வளர்க்க முடியாது. வைக்கோல் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மூணு நாலு சதவீதம்தான். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் அதுவும் அழுகிப்போகும். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு நனைந்த வைக்கோல் போரைப் பிரித்துப் பிரித்து உலர்த்தியது இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்குத் தீவனம் தேவைப்படுவது ஆனியிலிருந்து கார்த்திகை வரை. நிலம் சும்மா கிடப்பது சம்பா அறுத்த பிறகு தையிலிருந்து சித்திரை வரை. இரண்டையும் இணைக்கத்தான் சைலேஜ்.

சரி, விதைக்கு வருவோம்.

போன வருஷம் போட்டது தனியார் வீரிய ஒட்டு ரகம் ஒன்று. கடைக்காரர், "அண்ணே, பத்தடி வளரும், கதிர் கை நீளம் விழும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஏக்கருக்குப் பதினேழு டன் பச்சைத் தீவனம் வந்தது. தப்பு எங்கே என்று பிறகுதான் பிடிபட்டது. அது தானியத்துக்காக உருவாக்கிய ரகம். கடைசி வரை தட்டை பச்சையாகவே நிற்கும். தானியத்துக்கு அது நல்ல குணம். நானோ தட்டையில் ஈரம் குறையட்டும் என்று காத்திருந்தேன். தட்டை காய்வதற்குள் மணி கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது.

சைலேஜ் நன்றாக வர, முழுச் செடியையும் நறுக்கிப் பார்த்தால் நூற்றுக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து பங்கு உலர்பொருள் இருக்க வேண்டும், மீதி தண்ணீர். அதைவிட ஈரமாக இருந்தால் சாறு வடிந்து சத்து போகும், கெட்ட நாற்றமும் வரும். அதைவிடக் காய்ந்தால் மிதித்தாலும் அமுங்காது, காற்று தங்கிப் பூசணம் பிடிக்கும். அதே நாளில் மணி பாதி பால், பாதி மாவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிற ரகம்தான் நமக்கு வேண்டும். இந்த ஒரு கேள்வியை நான் கடையில் கேட்கவே இல்லை.

அடுத்தது மணியின் வகை. நம் பக்கம் விற்கிற ரகங்களில் பெரும்பாலானவை கோழித் தீவனச் சந்தையை மனதில் வைத்து வந்தவை. நல்ல ஆரஞ்சு நிறம், கல்லு மாதிரி மணி. வண்டு லேசில் துளைக்காது, வியாபாரி விரும்புவார். இன்னொரு வகையில் மணியின் தலை குழிந்திருக்கும், குதிரைப் பல் மாதிரி. உள்ளே நடுவில் வெள்ளை மாவு தலை வரைக்கும் ஓடும். மாட்டின் வயிற்றில் இது சுலபமாக உடையும்.

விதைப் பையைத் திறந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது மருந்து பூசிய விதை, தவிரவும் ஒட்டு விதையின் உருவம் பெரும்பாலும் தாய்ச் செடியைச் சார்ந்தது. அதை விதைத்தால் வரும் கதிரைத்தான் பார்க்க வேண்டும். அதனால் பொங்கல் முடிந்ததும் கொள்ளிடம் தாண்டிப் பெரம்பலூர்ப் பக்கம் போனேன். மானாவாரி மக்காச்சோளம் அப்போதுதான் அறுவடையாகிச் சாலையோரமெல்லாம் காயும். களத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ரகத்தின் பெயரைக் கேட்டு, ஒரு கதிர் வாங்கி, ஷேவிங் பிளேடால் மணியை நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பார்த்தேன். நாலு ரகம் பார்த்ததில் மூன்றில் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி தடித்த பட்டை, நடுவில் துளி வெள்ளை. நாலாவதில் பாதிக்கு மேல் வெள்ளை, தலையில் லேசான குழி. அதை வளர்த்தவர், "இது ரேட்டுக்கு ஆகாது தம்பி, மணி மங்கலா இருக்கும், ஆனா தட்டையும் கதிரும் ஒண்ணாவே காஞ்சிடும்" என்றார். அவர் குறையாகச் சொன்னது எனக்கு வேண்டியதாக இருந்தது.

நிறுவனப் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒரே வருஷ அனுபவத்தை வைத்து ஒரு பெயரை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது. போன வருஷ ரகத்தை நெட்டை என்றும், பெரம்பலூரில் பார்த்ததைக் குட்டை என்றும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதாக ஆப்பிரிக்கன் டால். இது ஒட்டு ரகம் இல்லை, தீவனத்துக்கென்றே பல காலமாகப் போட்டுவரும் ரகம். விதை விலை குறைவு.

ஒரு ஏக்கர், அதாவது மூணு மா. மாவுக்கு ஒரு ரகம். தை பதினைந்தாம் தேதி விதைத்தேன்.

நெல் வயலில் மக்காச்சோளம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வடிகால். முளைத்த இளம் பயிர் நீர் தேங்குவதைத் தாங்காது. ரோட்டவேட்டர் இரண்டு முறை ஓட்டி, மண்ணை வரிசையாக மேடாக்கிப் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் விதை ஊன்றினோம். ஒட்டு ரகங்களுக்குப் பாருக்குப் பார் இரண்டடி, செடிக்குச் செடி இருபது சென்டிமீட்டர். தானியத்துக்கு இருபத்தைந்து சொல்வார்கள், தீவனத்துக்குக் கொஞ்சம் நெருக்கலாம். அதற்கு மேல் நெருக்கினால் கதிர் சிறுத்துவிடும். ஆப்பிரிக்கன் டாலுக்கு ஒரு அடி வரிசை, பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி.

உரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறவை ஒட்டு மக்காச்சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 250:75:75 கிலோ. அதோடு 37.5 கிலோ சிங்க் சல்பேட்டும் உண்டு. நெல் வயலில் சிங்க்கை விடவே கூடாது, குருத்து வெளுத்துப் போகும். நான் தொழு உரம் அஞ்சு டன் போட்டதால் யூரியாவை அரை மூட்டை குறைத்தேன்.

பதினெட்டாம் நாள் குருத்தில் படைப்புழு தெரிந்தது. 2018இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து இது இல்லாத மக்காச்சோள வயல் இல்லை. குருத்துக்குள் மரத்தூள் மாதிரி ஈர எச்சம், இலையில் வரிசையாக ஓட்டை. எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிமருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் கலந்து, ஸ்பிரேயர் நாசிலைக் குருத்துக்குள் காட்டி அடித்தோம். இருபது நாள் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். மாட்டின் வாய்க்குப் போகிற பயிர், பூ வந்த பிறகு மருந்து அடிப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். கொஞ்சம் இலை போனால் போகட்டும்.

எழுபத்தைந்தாம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு முறை கதிரைப் பார்த்தேன். கதிரை நடுவில் ஒடித்து, நுனிப் பாதியைக் கையில் வைத்து, ஒடிந்த பக்கத்து மணிகளைப் பார்க்க வேண்டும். மணியின் தலைப்பக்கம் கெட்டி மஞ்சளாகவும் அடிப்பக்கம் வெளிறிப் பாலாகவும் இருக்கும். நடுவில் ஒரு கோடு தெரியும். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் நகத்தால் தலையிலிருந்து அழுத்திக்கொண்டே வரலாம், கெட்டி முடிந்து பால் பீச்சுகிற இடம்தான் கோடு. நாள் போகப் போக அது அடியை நோக்கி இறங்கும். பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு இறங்கியிருந்தால் வெட்டும் காலம்.

கோடு மணியின் நிலையைத்தான் சொல்லும். தட்டையின் ஈரத்தைக் கண்ணால் கணித்துத்தான் போன வருஷம் குழம்பினேன். இந்த முறை தம்பி வீட்டிலிருந்து பழைய மைக்ரோவேவும் ஒரு சமையல் தராசும் கொண்டுவந்தேன். ஒவ்வொரு ரகத்திலும் வயலின் நடுவிலிருந்து மூணு செடி வெட்டி, முழுசாக நறுக்கி, கலந்து, சரியாக நூறு கிராம் நிறுத்தேன். தட்டில் பரப்பி, ஓரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, முதலில் நாலு நிமிஷம், அப்புறம் ஒவ்வொரு நிமிஷமாக. தண்ணீர்க் குவளை இல்லையென்றால் கருகிப் புகைந்துவிடும். எடை இனிமேல் குறையவில்லை என்றால் தட்டில் இருப்பது எத்தனை கிராமோ, அதுதான் உலர்பொருள் சதவீதம்.

எண்பத்து நாலாம் நாள் கணக்கு: குட்டையில் கோடு பாதியைத் தாண்டியிருந்தது, தராசில் 33. நெட்டையிலும் கோடு கிட்டத்தட்ட பாதி, ஆனால் தராசில் 25. ஆப்பிரிக்கன் டாலில் 22. மணியை மட்டும் பார்த்திருந்தால் மூன்றையும் அன்றே வெட்டியிருப்பேன்.

சாப் கட்டர் வாடகைக்கு வந்தது அன்றைக்கு. குட்டையை வெட்டினோம். மறுநாள் ஆப்பிரிக்கன் டாலையும் வெட்டினோம், ஏனென்றால் அது காயும் வரை காத்திருந்தால் சாய்ந்துவிடும். அதன் ஈரத்தைக் குறைக்க நறுக்கிய வைக்கோல் அரை டன் கலந்தோம். அந்தக் கலவையை ஒரு கைப்பிடி எடுத்து ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்துத் திறந்தேன். உருண்டை மெதுவாக விரிந்தது, உள்ளங்கை மட்டும் ஈரம். கலக்காததைப் பிடித்தபோது விரலிடுக்கில் சொட்டியது.

தரையிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டச் சொன்னேன். ஆட்கள், "இவ்வளவு தட்டையை விடுறீங்களே" என்றார்கள். அடித்தட்டையில் நார் அதிகம், மண்ணும் ஒட்டும், யூரியா அதிகமான பயிரில் நைட்ரேட்டும் அங்கேதான் தங்கும்.

நெட்டையை விட்டுவைத்த எட்டு நாளில் ஒரு இரவு கோடை மழை காற்றோடு அடித்தது. நெட்டையில் கதிர் என் தோள் உயரத்தில் இருக்கும், தலைப்பாரம். ஓரத்தில் ஆறேழு வரிசை சாய்ந்துவிட்டது. அவற்றை மண் படாமல் கையால் அறுத்தோம். சித்திரையில் அறுவடை வைக்கிற நமக்குக் கதிர் இடுப்புயரத்தில் வருகிற ரகம் பாதுகாப்பு. தொண்ணூற்று இரண்டாம் நாள் நெட்டை 28க்கு வந்தது. அதற்குள் கோடு முக்கால்வாசி இறங்கி மணி இறுகத் தொடங்கியிருந்தது.

அரிசி ஆலை எடைமேடையில் டிராக்டரோடு நிறுத்துப் பார்த்த எடை: ஆப்பிரிக்கன் டால் 5.8 டன், நெட்டை 5.6 டன், குட்டை 4.9 டன். குட்டை தோற்றுவிட்டது போலத் தெரியும். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். குட்டையில் உலர்பொருள் சுமார் 1,620 கிலோ, நெட்டையில் 1,570, ஆப்பிரிக்கன் டாலில் 1,280. டன் கணக்கு பேசுகிறவர்கள் பாதிக்கு மேல் தண்ணீரைத்தான் பேசுகிறார்கள். ஒரு ரகத்தைப் பற்றி யாராவது ஏக்கருக்கு இத்தனை டன் என்றால், எத்தனை சதவீத ஈரத்தில் என்று கேளுங்கள்.

சேமிப்புக்கு முதலில் ஹாலோ பிளாக்கில் பங்கர், அதாவது சுவர் எழுப்பிய தொட்டி, கட்டத்தான் நினைத்தேன். குழி வெட்டுவது எங்கள் ஊருக்கு ஆகாது, ஐப்பசியில் தோண்டின இடமெல்லாம் ஊற்று. தரைக்கு மேல் ஆறரை அடி அகலம், நாலடி உயரத்துக்குக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு எனக்கு வேண்டியது நூறு கிலோ. அந்த முகப்பில் நூறு கிலோ எடுத்தால் ஏழு சென்டிமீட்டர்தான் உள்ளே போவேன். தினம் பதினைந்து சென்டிமீட்டராவது போகவில்லையென்றால் காற்றுப் பட்ட பக்கம் சூடேறிக் கெடும். ஏழு மாட்டுக்குப் பங்கர் பெரிசு. அதனால் உள்ளே தடித்த பாலிதீன் உறை வைத்த சாக்குகள், ஒன்றில் நாற்பத்தைந்து கிலோ. ஒரு சாணுக்கு ஒரு தரம் நிறுத்தி ஏறி மிதித்து, வாய்ப்பக்கம் வாக்யூம் கிளீனர் குழாயைச் செருகிக் காற்றை உறிஞ்சி, முறுக்கி இரட்டைக் கட்டு. மக்காச்சோளத்தில் சர்க்கரை போதுமான அளவு இருப்பதால் வெல்லக் கரைசல் சேர்க்கவில்லை.

இதில் ஒரு இழப்பைச் சொல்ல வேண்டும். சாக்குகளைக் கொட்டகையில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். எலி வந்தது. பதினோரு சாக்கில் ஓட்டை. ஒன்றைப் பிரித்தபோது ஓட்டையைச் சுற்றி ஒரு கூடை அளவுக்கு வெள்ளையும் நீலமுமாகப் பூசணம், கை வைத்தால் சூடு. நல்ல பாகத்தைப் பிரித்துப் போடலாம் என்று ஆள் சொன்னார். சினை மாடு இருக்கிற கொட்டகையில் அந்த ஆபத்து வேண்டாம் என்று முழுச் சாக்கையும் எருக்குழியில் கொட்டினேன். அப்புறம் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, வாரம் ஒரு முறை சுற்றிப் பார்த்து ஓட்டைக்கு டேப் ஒட்டினோம்.

நாற்பத்தைந்து நாள் கழித்துக் குட்டையின் முதல் சாக்கைத் திறந்தேன். ஆலிவ் பச்சை நிறம், ஊறிய பழம் மாதிரி லேசான புளிப்பு வாசனை. புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 4ஐக் காட்டியது. அம்மா ஒரு பிடி எடுத்து முகர்ந்து, "பழைய சோத்துத் தண்ணி வாசம்தான்" என்றார். மாடுகள் முதல் நாள் தயங்கின, மூன்றாம் நாள் சாக்குச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றன.

பிறகுதான் எனக்கு முக்கியமான சோதனை. கறவை இரண்டுக்கு மட்டும் பதினைந்து நாள் குட்டை, பதினைந்து நாள் நெட்டை, மறுபடி பதினைந்து நாள் குட்டை. தலைக்குப் பதினெட்டு கிலோ. கடலைப் புண்ணாக்கும் உளுந்துப் பொட்டும் அளவு மாறாமல். மக்காச்சோளச் சைலேஜில் புரதம் ஏழெட்டு சதவீதம்தான், அதைப் புண்ணாக்கு இல்லாமல் ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு கட்டத்தின் கடைசி மூணு நாளும் ஒரு லிட்டர் சாணியைச் சல்லடையில் போட்டு மோட்டார் தண்ணீரில் அலசினேன். பச்சைக் குழம்பு போய், நார் போய், கடைசியில் சல்லடையில் மணிகள் நிற்கும். முழுசும் பாதியுமாக எண்ணினேன். நெட்டைக்குச் சராசரி பத்தொன்பது. குட்டைக்கு நாலு. பால் நெட்டைக்கு மாறியபோது மாட்டுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது, குட்டைக்குத் திரும்பியதும் ஏறியது. கொழுப்பு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டே மாடு, என் கொட்டகை, அவ்வளவுதான் இதன் பலம்.

ஐப்பசியில் மிச்சமிருந்த நெட்டைச் சாக்குகளைப் போட்டபோது மறுபடி அலசினேன். பத்தொன்பது பதினொன்றாகக் குறைந்திருந்தது. சைலேஜில் மாதக்கணக்கில் ஊறும்போது மணியைச் சுற்றியிருக்கும் புரதம் கரைந்து மாவு இளகும். கையில் கல்லு மணி ரகம்தான் இருக்கிறது என்றால் நாலு மாதமாவது விட்டுத் திறங்கள். கட்டர் கத்தியைத் தீட்டி ஒரு சென்டிமீட்டருக்கு நறுக்குவதும் உதவும்.

ஆப்பிரிக்கன் டால் வீண் என்று நினைக்க வேண்டாம். கிடேரிக்கும் வற்றிய மாட்டுக்கும் அதைத்தான் போட்டேன். அவற்றுக்கு மாவுச்சத்து அதிகமானால் கொழுத்துப்போகும், பிறகு கன்று போடுவதில் சிக்கல். அடுத்த தெருவில் மாமா ஒருவர் காளைக் கன்றுகளை வாங்கி எட்டு மாதம் வளர்த்துச் சந்தைக்கு ஏற்றுகிறார். அவருக்குக் குட்டையில் பத்துச் சாக்கு கொடுத்தேன். உடம்பு ஏற வேண்டிய கன்றுக்கும் கறவை மாதிரியே மணிதான் வேலை செய்யும். "இதையே எனக்கு ரெண்டு மா போட்டுக் குடு மாப்ள" என்று இப்போதே முன்பணம் பேசுகிறார்.

வரும் தைக்கு இப்படி: சொந்தத்துக்கு இரண்டு மா குட்டை, ஒரு மா ஆப்பிரிக்கன் டால், மாமாவுக்கு இரண்டு மா குட்டை. கட்டர் ஒரு நாளைக்கு ஆறேழு டன்தான் நறுக்கும் என்பதால் குட்டையைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக விதைக்கப் போகிறேன். பெரம்பலூரில் இன்னும் இரண்டு ரகம் தலையில் குழியோடு வந்திருப்பதாகக் கேள்வி. பொங்கல் கழிந்ததும் பிளேடை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.